300 எம்பிபிஎஸ் வீட்டு வாசல் வரைதான்

ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் முதல் மாத பில் வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. 300 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 300 மெகாபிட் வேகம் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், போனில் சோதித்தால் 40, 50 என்று காட்டுகிறதே, மிச்சம் எங்கே போனது? எனக்கு நெட்வொர்க் வேலை கொஞ்சம் தெரியும் என்பதால், விசேஷ வீட்டுக்குப் போனால் பந்தியில் கை கழுவிவிட்டு வருவதற்குள் யாராவது ஒருவர் போனை நீட்டிவிடுவார்கள். பாதிப் பேர் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்ற முடிவோடு வருகிறார்கள். இன்னும் சிலர் 300 பத்தவில்லை போல என்று 500-க்கு மாறி, மாசாமாசம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு, அதே 40-ஐத்தான் பார்க்கிறார்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, அதே நிலைமைதான் இங்கேயும். நீங்கள் பணம் கட்டுகிற வேகம் பெரும்பாலான வீடுகளில் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன அந்த வெள்ளைப் பெட்டி வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிடுகிறது. பெட்டியிலிருந்து உங்கள் கையில் இருக்கும் போன் வரைக்கும் உள்ள பத்துப் பதினைந்து அடி தூரம் வேறொரு நெட்வொர்க், அதுதான் வைஃபை. அதை யாரும் உங்கள் வீட்டுக்கென்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஃபைபர் மாட்ட வந்தவர் ஜன்னல் ஓரமாக ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான் அந்த நெட்வொர்க்கின் திட்டமிடல்.

முதலில் ஃபைபருக்கு நியாயம் செய்துவிடலாம். 1966-இல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் இருக்கும் அசுத்தத்தை மட்டும் நீக்கிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்கும் குறைவான இழப்போடு ஒளியைக் கடத்தலாம் என்று காட்டினார். டெசிபெல் என்பது சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் அளவு. 1970-இல் அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் அந்த 20-ஐத் தாண்டி இறங்கிக் காட்டியது. காவுக்கு 2009-இல் நோபல் கிடைத்தது. இன்று உங்கள் தெருவில் ஈபி கம்பத்தோடு கம்பமாகத் தொங்கிக்கொண்டு வரும் அந்தக் கறுப்பு ஒயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையில், ஒரு கிலோமீட்டர் போனாலும் அரை டெசிபெல்கூட இழப்பு வராது. இந்த அரை டெசிபெல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சுவரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வீடுகளுக்குக் கொடுக்கும் ஃபைபரில் நம் ஊரில் பரவலாக இருப்பது ஜிபான் என்ற முறை. கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரே இழை கிளம்பி, வழியில் ஸ்ப்ளிட்டரில் பிரிந்து 32 வீடு, 64 வீடு என்று போகிறது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது ஆயிரம் எம்பிபிஎஸ்), ஏறுவது சுமார் 1.25 ஜிபிபிஎஸ். பங்கு போட்டுக்கொள்ளும் வழிதான், ஆனாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எந்த வீட்டுப் பெட்டி எந்த நொடித்துணுக்கில் அனுப்பலாம் என்று அலுவலகத்தில் இருக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் முறை வைத்துக் கொடுக்கிறது. முறை வராமல் யாரும் வாய் திறக்க முடியாது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வைஃபையில் இப்படி முறை வைப்பதற்கு வெகுகாலம் ஆளே இல்லை.

குறை சொல்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். லேப்டாப்பை லேன் ஒயர் என்ற நெட்வொர்க் ஒயரில் நேராகப் பெட்டியோடு இணைத்து, வீட்டில் மற்ற எல்லோரையும் ஐந்து நிமிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, சோதித்துப் பாருங்கள். அதில் 280, 290 வந்துவிட்டால் கம்பெனிக்காரர்களோடு சண்டைக்கு ஒன்றுமில்லை. அதிலேயே 40 வந்தால் தைரியமாகப் போன் போட்டுப் பேசலாம், ஃபைபர் இழையில் ஒடிசல் இருக்கலாம், இணைப்பில் தூசி இருக்கலாம், அவர்கள் பக்கம் தப்பு. ஆனால் ஒயரில் பார்த்தபோது 94, 95 என்று ஒரு எண் வந்து, எத்தனை முறை சோதித்தாலும் அதற்கு மேல் ஒரு இம்மிகூட ஏற மாட்டேன் என்றால், அது வேறு கதை, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

95 என்பது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின், அதாவது ஒயர் செருகும் ஓட்டையின், முத்திரை. 100-இல் ஒவ்வொரு தகவல் துண்டோடும் ஒட்டி அனுப்பும் முகவரி மாதிரியான தலைப்புகளுக்கான செலவு போக மிச்சம் நிற்பது அவ்வளவுதான். இரட்டை பேண்ட், நாலு ஆண்டெனா என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கும் விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில், பின்னால் இருக்கும் லேன் ஓட்டைகள் எல்லாம் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். ஃபைபர் பெட்டி கம்பெனி கொடுத்தது, கூடவே நாமாகக் கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர் என்று பல வீடுகளில் இருக்கும். அந்த ரவுட்டரின் போர்ட் 100 என்றால், ஆண்டெனா எட்டு இருந்தாலும் வீட்டுக்குள் 95-க்கு மேல் ஒரு பொட்டு நுழையாது.

போர்ட் ஜிகாபிட்தான், அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்தும் 95-லேயே நின்றால் ஒயரைப் பாருங்கள். லேன் ஒயரின் முனையில் இருக்கும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜாக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே பித்தளை நிறத்தில் எட்டு ஊசிகள் தெரியும். எட்டுக்கும் எட்டு ஒயர், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஒவ்வொரு நிறத்திலும் ஒரு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஒயரை வெட்டி இரண்டு இணைப்பாகப் பிரித்திருப்பார்கள், இல்லையென்றால் ஜாக்கை அழுத்திப் பொருத்தும்போது நீல ஒயர் ஊசிவரை போகாமல் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருக்கும். கருவிகள் இரண்டும் தங்களுக்குள் பேசிப் பார்த்து, நான்கு ஜோடி இல்லை என்றதும் சத்தமே போடாமல் 100-க்கு இறங்கிவிடும். எந்த விளக்கும் சிவப்பாக எரியாது, நெட்டும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஐம்பது ரூபாய் பெறாத ஒரு ஜாக் 300-ஐ 95 ஆக்கிவிட்டு அமைதியாகச் சுவரோரம் கிடக்கும்.

சரி, ஒயர் ஒழுங்கு, போர்ட் ஒழுங்கு, லேப்டாப்பில் 290 வந்துவிட்டது. இப்போது ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காற்றுக்கு வருவோம்.

ரவுட்டரின் அட்டைப்பெட்டி மேல் ஏசி1200 என்று போட்டிருக்கும். 1200 எம்பிபிஎஸ் வரும் என்றுதான் யாரும் படிப்பார்கள். அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்து முழு எண்ணாக்கியது. ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் வழக்கமாக இருக்கும் என்பதால் இந்தக் கூட்டலுக்கே அர்த்தமில்லை. தனித்தனியாகப் பார்த்தாலும் 867 என்பது இணைப்பு வேகம், அதாவது ரேடியோ வாய் திறந்து பேசும் அந்தக் கணத்தில் பேசுகிற வேகம். பேசாமல் காத்திருக்கும் நேரம், எதிரில் இருப்பவர் வந்தது வந்தது என்று ஒப்புதல் சொல்லும் நேரம், கெட்டுப்போனதைத் திரும்ப அனுப்பும் நேரம் எல்லாம் போக, அருகிலேயே உட்கார்ந்திருந்தால் 500, 600 கிடைக்கும். அதுவும் போனில் இரண்டு ஆண்டெனா இருந்தால். விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஒன்றுதான், அதற்கு 867 என்பது 433 ஆகிவிடும். 2.4 மட்டுமே தெரிந்த போன்களும் இன்னும் எத்தனையோ பேர் கையில் இருக்கின்றன, அவற்றில் ஒற்றை ஆண்டெனா, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். அந்தப் போனை வைத்துக்கொண்டு 300-ஐத் தேடினால் எந்தக் கம்பெனியாலும் கொடுக்க முடியாது.

காத்திருக்கும் நேரம் என்றேனே, வைஃபையின் பெரிய செலவு அதுதான். ஒயரில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைக்குள் இருக்கும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரவுட்டர் பேசும்போது போன் சும்மா இருக்க வேண்டும், போன் பேசும்போது டிவி சும்மா இருக்க வேண்டும். பேச நினைக்கும் ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும், யாரும் பேசவில்லை என்றால் அப்போதும் உடனே பேசாமல் தற்செயலாக ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் ஆரம்பிக்கும், இரண்டு பேர் ஒரே கணத்தில் ஆரம்பித்து மோதிக்கொண்டால் இன்னும் நீளமான இடைவெளி விட்டு மறுபடி. முறை வைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்றால் வேறு எப்படித்தான் சமாளிப்பது? வைஃபை 6 என்ற பிந்தைய தலைமுறையில்தான் ரவுட்டரே கருவிகளுக்கு முறை ஒதுக்கும் ஏற்பாடு வந்தது, அதுவும் போன், டிவி எல்லாம் வைஃபை 6-ஆக இருந்தால்தான் பயன்.

இதில் பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருடைய பாஸ்வேர்டு வேறு, கம்பெனி வேறு, இருந்தாலும் அதே சேனலில் இருந்தால் அவருடைய ரவுட்டர் பேசும்போது உங்களுடையது வாயை மூடிக்கொள்ளும். சென்னையில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் விரல் வலிக்கும் வரை தள்ளிக்கொண்டே போகலாம். அந்தப் பெயர்களில் ஒவ்வொன்றும், யாரும் நெட் பயன்படுத்தாத நள்ளிரவிலும், நொடிக்குச் சுமார் பத்து முறை நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பு எல்லாப் பழைய கருவிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் போகும். 2.4-இல் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. முப்பது வீடு அந்த மூன்றுக்குள் அடைந்துகொண்டு கிடக்கிறது. அது போதாதென்று புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் 2.45-இல்தான் சுடுகிறது.

வீட்டுக்குள்ளேயே ஒரு எதிரியும் இருக்கலாம். தூரத்து அறையில், சிக்னல் அரைகுறையாகக் கிடைக்கும் மூலையில், பழைய டேப்லெட் ஒன்றில் பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கருவியோடு 6 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் பேச முடிகிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் போனுக்கு 300-இல் அனுப்ப முடியும். ஒரே அளவு தகவலை அந்த டேப்லெட்டுக்குக் கொடுக்க ஐம்பது மடங்கு நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் நீங்கள் காத்திருக்க வேண்டும். மெதுவானவர் தன் வேகத்தை மட்டும் இழப்பதில்லை, மற்றவர்கள் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறார். தூரத்து அறைக்கு நல்ல சிக்னல் கொடுத்தால் பக்கத்து அறையும் வேகமாவது இதனால்தான்.

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். நம் நாட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் திறந்துவிட்டார்கள். 5-இல் 2018 அக்டோபரில்தான் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெளியிலும் உள்ளேயும் தாராளமாகப் பயன்படுத்த வழி செய்தார்கள். 2.4-இல் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் என்பதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனையும் டிவியையும் 5-இல் மட்டும் விடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஒரே பெயர் வைத்தால் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எந்த அலையில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் போன்தான் முடிவு செய்கிறது, மொட்டை மாடியில் இருந்தபோது 2.4-ஐப் பிடித்துக்கொண்ட போன், ஹாலில் ரவுட்டருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்த பிறகும் விட மாட்டேன் என்று அதிலேயே தொங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

5-க்கு ஒரே பலவீனம் சுவர். அதுவும் நம் ஊர்ச் சுவர்.

வைஃபையைப் பற்றி இணையத்தில் படிக்கிற யோசனைகளில் பாதி அமெரிக்க வீட்டை மனதில் வைத்து எழுதியவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த உள்சுவர், அதை வைஃபை லேசாகத் தாண்டிவிடும். நம்முடையது ஒன்பது இன்ச் செங்கல், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். திறந்த வெளியிலேயே தூரம் இரட்டித்தால் சிக்னல் 6 டெசிபெல் குறையும், அதாவது கால்வாசி ஆகும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ஒன்பது இன்ச் சுவர் 10 டெசிபெல்லுக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம், ஈரம் இருந்தால் இன்னும். 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூடப் போகவில்லை, உங்கள் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் முக்கால் அடியில் பத்து போய்விடுகிறது.

சிக்னல் குறைந்தால் இணைப்பு அறுந்துவிடுவதில்லை, வேகம் படிப்படியாக இறங்குகிறது. பக்கத்தில் இருக்கும்போது ஒரு துடிப்பில் எட்டு பிட், வைஃபை 6 என்றால் பத்து பிட் வரை அடைத்து அனுப்புவார்கள். இரைச்சல் கூடக்கூட ஆறு, நான்கு, இரண்டு என்று குறைத்து, கடைசியில் ஒன்றே ஒன்று. அதனால்தான் போனில் வைஃபை கோடு இரண்டு தெரிந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோடுகள் ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பது வேறு விஷயம், போனின் குரல் பெரும்பாலும் ரவுட்டரை விடச் சன்னமானது.

மதுரையில் சித்தப்பா வீட்டைச் சொல்கிறேன், அது தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு இருக்கும் மாதிரியான வீடு. கீழே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, மாடியில் தம்பிக்கு ஒரு அறை. கொரோனாவுக்குப் பிறகு அவன் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை. மாடியில் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசினால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று படிக்கட்டில் வந்து உட்கார்ந்து பேசுவான். "ஏப்பா, மாசாமாசம் ஒழுங்காத்தானே காசு கட்டுறோம், மாடியில மட்டும் ஏன்ப்பா இப்படி இழுக்குது?" என்று சித்தப்பா கேட்டார். கம்பெனியிலிருந்து வந்த பையன் ஹாலில் நின்று சோதித்துக் காட்டி, "லைன்ல ஃபுல் ஸ்பீடு வருது சார், எங்க சைடு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்னது உண்மைதான்.

பெட்டி இருந்த இடம் ஹாலின் வாசல் பக்க மூலை. ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு ஃபைபர் உள்ளே வருகிறது, அதற்கு நேர் கீழே டிவி பாயிண்ட், அதனால் டிவிக்குப் பின்னால் ஷோகேஸ் தட்டில் பெட்டியைச் செருகியிருந்தார்கள். முன்னால் டிவியின் தகடு, பின்னால் தெருச்சுவர், சிக்னலில் பாதி தெருவில் நிற்கும் பைக்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அதில் வரும் எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு மோசம். சோபாவில் மைனஸ் 45, வேகம் 270-க்குப் பக்கம். படுக்கையறை வாசலில் மைனஸ் 62, வேகம் பாதிக்கும் கீழே. உள்ளே சித்தியின் கட்டில் பக்கம் போனால் மைனஸ் 75. நடுவில் இருப்பது அந்த ஒரே சுவர்தான், ஆனால் சுவரை ஒட்டி இரும்பு பீரோ நிற்கிறது, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. 45-க்கும் 75-க்கும் நடுவில் 30 டெசிபெல், ஆயிரத்தில் ஒரு பங்கு சிக்னல். மாடி அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டியலிலேயே வரவில்லை, 2.4-இல் பத்துச் சொச்சம் எம்பிபிஎஸ் வந்தது, அதுவும் நிலையில்லாமல்.

தம்பி அதற்குள், வைஃபை சிக்னலைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி மாடி அறையிலேயே மாட்டியிருந்தான். எக்ஸ்டெண்டரை வாங்குபவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், சிக்னல் இல்லாத இடத்திலேயே மாட்டுகிறார்கள். அதற்கே கேட்காதபோது அது என்ன எடுத்துச் சொல்லும்? அறையில் கோடு முழுசாகக் காட்டும், ஏனென்றால் எக்ஸ்டெண்டர் பக்கத்தில் இருக்கிறது, வேகம் மட்டும் அதே பத்து. நடுவழியில் மாட்டினால் கொஞ்சம் தேவலாம். அப்போதும் ஒரே ரேடியோவில் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் பாதியாகிவிடும். ஒரே வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக ஓட்டும், பெரிய விலைக்கு விற்கும் மெஷ் பெட்டிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், தங்களுக்குள் பேசுவதற்குத் தனி ரேடியோ இருக்கும் மாதிரிகளில் இழப்பு குறைவு, ஆனாலும் நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் அவற்றுக்கும் அது சுவர்தான். மெஷ் பெட்டிகளை லேன் ஒயரில் இணைத்தால் மட்டும் விற்கும்போது சொன்னது நடக்கும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஃபைபர் மாட்டும் பையனை மறுபடி கூப்பிட்டு, நீளமான பேட்ச் கார்டு, அதாவது இரண்டு முனையிலும் இணைப்பு உள்ள ஃபைபர் ஒயர் ஒன்றைப் போட்டு, பெட்டியை ஹால் மூலையிலிருந்து மாடிப்படி திரும்பும் இடத்துக்கு ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோனோம். முதலில் "அதெல்லாம் கம்பெனியில அலவ் பண்ண மாட்டாங்க சார்" என்றான், கார்டுக்கான காசை நாங்களே கொடுக்கிறோம் என்றதும் ஒத்துக்கொண்டான். கார்டை மூலையில் திருப்பும்போது மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன், ஃபைபரை மின்சார ஒயர் மாதிரி மடக்கி ஆணி அடித்தால் அந்த மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும், இழப்பு கூடிக்கொண்டே போய்ச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். அப்புறம் பழைய டிஷ் ஒயருக்காகத் தளத்தில் போட்டிருந்த குழாய் வழியாக கேட் 6 வகை லேன் ஒயர் ஒன்றை மாடிக்கு இழுத்து, அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஜிகாபிட் ரவுட்டர் ஒன்றை, ஒயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி மாடி அறையில் வைத்தோம். மாடியில் 250-ஐத் தாண்டியது. சித்தி கட்டில் பக்கமும் 100-க்கு மேல் வந்தது, பீரோவைத் தொடவே இல்லை, பெட்டி வேறு பக்கம் போனதால் பீரோ குறுக்கே நிற்கவில்லை. திட்டம் அதே 300, ஒரு ரூபாய் கூட்டவில்லை.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. டிவியை ஒயரில் போட்டுவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், போட்ட பிறகு சோதித்துவிட்டு, வைஃபையில் 200 வந்தது, ஒயரில் 95-தானே வருகிறது என்று கோபமாகப் போன் செய்வார்கள். ஸ்மார்ட் டிவிகள் பெரும்பாலானவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். விட்டுவிடுங்கள். 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. 95-ஐ வைத்துக்கொண்டு டிவி நிம்மதியாக ஓடும், அதைவிட முக்கியமாகக் காற்றை விட்டு விலகிவிடும். வீட்டில் நாள் முழுக்க அதிகமாக இழுக்கும் கருவி டிவி, அது ஒயருக்குப் போய்விட்டால் மிச்சப் போன்களுக்குக் காற்று காலியாகக் கிடைக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மட்டும், ஒயரில் சோதித்தாலும் வேகம் இறங்குகிறது என்றால், அப்போது குறை கம்பெனி பக்கம். 2.5 ஜிபிபிஎஸ்ஸைப் பங்கு போடும் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவர்கள் வெளியே போகும் வழி நிரம்பியிருக்கலாம். வேகச் சோதனைகளில் சில, கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு பேசி நல்ல எண்ணைக் காட்டிவிடும், ஃபாஸ்ட்.காம் என்ற சோதனைத் தளம் நெட்ஃப்ளிக்ஸின் சர்வர்களோடு பேசும். இரண்டிலும், இரண்டு வெவ்வேறு நேரத்தில், ஒயரில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். வைஃபையில் எடுத்த எண்ணோடு போனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் வாங்க சார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வைஃபை 7 வந்துவிட்டதே, அதை வாங்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கிறார்கள். அதன் பெரிய பலம் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இருக்கிறது. அமெரிக்கா 2020-இலேயே அதில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது, இங்கே தொலைத்தொடர்புத் துறை 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதம்தான் வெளியிட்டது. புது அலையில் கூட்டம் இருக்காது, அது நிஜமாகவே பெரிய நன்மை, அபார்ட்மெண்ட்காரர்களுக்கு நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அலை மேலே போகப்போகச் சுவருக்கு முன்னால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரே அறைக்குள் பறக்கும், அடுத்த அறையில் 5-ஐ விடக் கொஞ்சம் கீழேதான்.

அதனால் இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஏசிக்குத் தனி லைன், கீசருக்குத் தனி லைன், இன்வெர்ட்டருக்குத் தனி லைன் என்று எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்கிறோம், லேன் ஒயரை மட்டும் யாரும் கேட்பதில்லை, எல்லாம் வைஃபைதானே என்று விட்டுவிடுகிறார்கள். சுவர் பூசுவதற்கு முன்னால் சொன்னால் ஒரு குழாய் கூடுதல், அவ்வளவுதான் செலவு. பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த பிறகு யாரும் சுவரை உடைக்க மாட்டார்கள். ஃபைபர் எங்கே உள்ளே வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அங்கிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு குழாய், அங்கே இரண்டு பிளக் பாயிண்ட்டும் காற்று போகிற மாதிரி ஒரு திறந்த தட்டும், அதிலிருந்து டிவி சுவருக்கு ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் கூரைப் பக்கம் ஒன்று, யாராவது உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசைக்கு ஒன்று. மின்சார ஒயர் போகும் குழாயிலேயே லேன் ஒயரையும் சேர்த்து இழுக்க விடாதீர்கள், தனிக் குழாய் கேளுங்கள். ஒயர் கேட் 6, முழுச் செம்பு, செம்பு முலாம் பூசிய அலுமினியம் விலை குறைவு என்று யார் சொன்னாலும் வேண்டாம். இப்போது இழுக்கப் பணம் இல்லையென்றால் குழாயை மட்டும் போட்டு உள்ளே ஒரு நைலான் கயிறை விட்டு வையுங்கள். ஜாக் அடித்து முடித்ததும் எட்டு ஊசியும் பேசுகிறதா என்று டெஸ்டரில் காட்டச் சொல்லுங்கள், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்த பிறகு மட்டும் எலக்ட்ரீஷியனுக்குக் கணக்கை முடியுங்கள்.